வேலைத்தள ஆப்புக்கு எந்த போன் செட் ஆகும்? 100 நாள் வேலை முதல் காற்றாலை வரை... வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

குளம் தூர்வாரும் இடத்தில் 40 பேர் மண்வெட்டியோடு காத்திருக்கிறார்கள். பணித்தளப் பொறுப்பாளர் கையில் போன். ஆப் திறக்கணும், ஜிபிஎஸ் இடத்தைப் பிடிக்கணும், போட்டோ எடுக்கணும், அது சர்வருக்குப் போய்ச் சேரணும். நாலில் ஒன்று சொதப்பினாலும் அன்றைய வருகைப் பதிவு சிக்கலாகிவிடும்.

நெல்லை மாவட்டத்தில் இன்று போன் இல்லாமல் நடக்கும் களப்பணி குறைவு. 100 நாள் வேலை, அங்கன்வாடி, பயிர்க் கணக்கெடுப்பு, ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைப் பராமரிப்பு என எல்லாவற்றுக்கும் ஒரு ஆப் இருக்கிறது. ஆப் யாரோ கொடுப்பார்கள். போனை மட்டும் பல இடங்களில் வேலை பார்ப்பவரே வாங்க வேண்டியிருக்கிறது.

அப்படி வாங்கும்போது விலை, கம்பெனி பெயர், மெகாபிக்சல் எல்லாம் கடைசியில் வரட்டும். முதலில் பார்க்க வேண்டியது ஆப் என்ன கேட்கிறது என்பது. இரண்டாவது, வேலைத்தளம் எப்படிப்பட்டது என்பது. இந்த இரண்டையும் வைத்து போனை எப்படித் தேர்ந்தெடுப்பது? விரிவாகப் பார்ப்போம்.

100 நாள் வேலையில் ஆப் எப்போது வந்தது?

மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தில் வருகைப் பதிவுக்காக மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் கொண்டு வந்தது என்.எம்.எம்.எஸ். என்ற ஆப். 2021 மே 21-ல் இது அறிமுகமானது. 20 அல்லது அதற்கு மேல் தொழிலாளர்கள் உள்ள பணித்தளங்களுக்கு 2022 மே 16 முதல் கட்டாயமானது. 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பயனாளி பணிகள் தவிர மற்ற எல்லாப் பணித்தளங்களுக்கும் கட்டாயம்.

ஆப்பில் வருகையைப் பதிவு செய்து, நேரமும் இடமும் பதிவாகும் வகையில் முதல் போட்டோ எடுக்க வேண்டும். 4 மணி நேரம் கழித்து இரண்டாவது போட்டோ. ஆக, காலையில் நன்றாக இருந்த போன் மதிய வெயிலிலும் உயிரோடு இருக்க வேண்டும்.

2025 டிசம்பரில் இந்தத் திட்டத்துக்குப் பதிலாக, 125 நாள் வேலைக்கான 'விக்சித் பாரத் – ஜி ராம் ஜி' சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பெயர் மாறினாலும் டிஜிட்டல் பதிவு போகவில்லை. புதிய சட்டமும் பயோமெட்ரிக் அடையாளம், மொபைல் வழிக் கண்காணிப்பு ஆகியவற்றைப் பற்றிப் பேசுகிறது. போனின் வேலை கூடுமே தவிர குறையாது.

போன் மக்கர் பண்ணினால் எவ்வளவு பணம் சிக்கும்?

2025 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட 100 நாள் வேலைக் கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். 40 பேர் வேலை செய்யும் இடத்தில் ஒரு நாள் கூலி 13,440 ரூபாய். அதாவது, ஒரு சுமாரான புது போனின் விலையும் ஒரே ஒரு நாள் பதிவில் தொங்கும் கூலியும் கிட்டத்தட்ட ஒன்று.

தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வருபவர்களில் 85 சதவீதத்துக்கும் மேல் பெண்கள். காலையில் வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்து மண் சுமப்பவருக்கு, 'போட்டோ ஏறல' என்ற பதில் போதாது.

பதிவு ஏறாவிட்டால் கூலி போயே போச்சா? இல்லை. காலை வருகையையும் முதல் போட்டோவையும் நெட் இல்லாமலே ஆஃப்லைனில் எடுத்து, சிக்னல் கிடைக்கும்போது ஏற்றலாம் என்று அமைச்சகம் சொல்லியிருக்கிறது. தவிர்க்க முடியாத காரணத்தால் ஏற்றவே முடியாவிட்டால், கையால் எழுதிய வருகையைப் பதிவேற்ற மாவட்ட திட்ட ஒருங்கிணைப்பாளருக்கு அதிகாரம் உண்டு. தமிழ்நாட்டில் அது மாவட்ட ஆட்சியர். ஆனால் குளத்துக்கரையில் இருந்து கலெக்டர் ஆபீஸ் வரை ஒரு கோரிக்கை போய்த் திரும்ப நாளாகும். அந்த அலைச்சலைத் தவிர்க்கத்தான் சரியான போன் வேண்டும்.

ஒரே மாவட்டம், மூணு விதமான வேலைத்தளம்

திருநெல்வேலி மாவட்டத்தில் 9 ஊராட்சி ஒன்றியங்கள், 204 கிராம ஊராட்சிகள். எல்லா ஊருக்கும் ஒரே போன் பொருந்தாது. நிலத்தைப் பார்த்தாலே காரணம் புரியும்.

முதலாவது மலையடி. பாபநாசம், மணிமுத்தாறு, களக்காடு பக்கம். பொதிகை மலை ஒரு பக்க வானத்தை மறைக்கும், மரங்களும் அடர்த்தி. காரையாறு அணைக்கு மேலே உள்ள காணி பழங்குடியினர் குடியிருப்புகள் வரை களப்பணியாளர்கள் போக வேண்டியிருக்கிறது. இங்கே சிக்கல் சிக்னலும் ஜிபிஎஸ்ஸும்தான்.

இரண்டாவது தாமிரபரணிப் பாசனப் பகுதி. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி தொடங்கி பாளையங்கோட்டை தாண்டி ஸ்ரீவைகுண்டம் வரை வயலும் வாய்க்காலும்தான். கார், பிசானம் என இரண்டு பருவத்திலும் ஈரம் இருக்கும். சேறு, தூறல், வரப்பில் வழுக்கித் தண்ணியில் போன் விழுவது என எல்லாம் சகஜம்.

மூன்றாவது தெற்கே வறண்ட பகுதி. நாங்குநேரி, வள்ளியூர், ராதாபுரம். வெட்டவெளி வெயில், கணவாய் வழியாக வரும் காத்து, அது கிளப்பும் தூசி. காற்றாலை, சோலார், கல்குவாரி வேலைகள் அதிகம் உள்ள இந்தப் பக்கத்தில் திரையும் பேட்டரியும்தான் முதலில் மண்டையைப் போடும்.

தன் வேலைத்தளம் இந்த மூன்றில் எது என்று தெரிந்துவிட்டால் போன் கடையில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதல் கேள்வி: ஆப் என்ன கேட்குது?

ப்ளே ஸ்டோரில் அந்த ஆப்பின் பக்கத்துக்குப் போய், 'ஆப் பற்றி' என்ற பகுதியைக் கடைசி வரை தள்ளிப் பாருங்கள். குறைந்தபட்சம் எந்த ஆண்ட்ராய்டு பதிப்பு வேண்டும் என்று இருக்கும். அது இன்றைய தேவை மட்டும்தான். அடுத்த வருடம் ஆப் அப்டேட் ஆகும்போது தேவையும் ஏறும். அதனால் குறைந்தபட்சத்துக்கு மட்டும் ஒத்துவரும் போனை வாங்கினால் சீக்கிரமே மாட்டிக்கொள்வோம்.

மகாராஷ்டிராவில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். அங்கே அங்கன்வாடி ஊழியர்களுக்கு 2019-ல் அரசு போன் கொடுத்தது. ராம் 2 ஜிபி. 2021 மார்ச்சில் 'போஷன் டிராக்கர்' என்ற புதிய ஆப் வந்தது. பழைய போன்கள் அதைத் தாங்காமல் ஹேங் ஆயின, சூடாயின. வாரண்டியும் முடிந்திருந்தது. 2021 ஆகஸ்டில் ஆயிரக்கணக்கான ஊழியர்கள் அந்த போன்களை அரசிடமே திருப்பிக் கொடுத்துப் போராடினார்கள். போன் முதலில், ஆப் பிறகு என்று போனால் கதை இப்படித்தான் முடியும்.

ஆதார் முக அங்கீகாரம் சேர்ந்தால் தேவை இன்னும் கூடும். 2025-ல் 100 நாள் வேலையிலும் முகம் வழியான இ-கேஒய்சி வந்துவிட்டது. இதே முக அங்கீகாரத்தைப் பயன்படுத்தும் ஓய்வூதியர்களுக்கான 'ஜீவன் பிரமாண்' சேவை, 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பு உள்ள போனைக் கேட்கிறது. ஒரு களப்பணி போனுக்கு இதை அடிமட்ட அளவாக வைத்துக்கொள்ளலாம்.

புதிதாக வாங்குபவர்கள் பார்க்க வேண்டியவை:

• நிஜ ராம் 6 ஜிபி இருந்தால் நிம்மதி. 4 ஜிபிக்குக் கீழே வேண்டாம்.
• பெட்டியில் '8 ஜிபி ராம்' என்று பெரிதாகப் போட்டு, கீழே பொடி எழுத்தில் '4+4' என்றிருக்கும். பின்னால் உள்ள 4, சேமிப்பு இடத்தில் இருந்து கடன் வாங்கும் 'விர்ச்சுவல் ராம்'. அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.
• சேமிப்பு 128 ஜிபி நல்லது. குடும்ப போட்டோவும் வாட்ஸ்அப் வீடியோவும் நிரம்பினால் ஆப்புக்கு இடம் இருக்காது.
• 'ஆண்ட்ராய்டு கோ' என்பது குறைந்த ராம் உள்ள போன்களுக்கான இலகு பதிப்பு. பேச, வாட்ஸ்அப் பார்க்க ஓகே. வேலைத்தள ஆப்புக்கு வேண்டாம்.
• எத்தனை வருடம் அப்டேட் தருவார்கள் என்று கேளுங்கள். 2024-ல் வந்த சாம்சங் கேலக்ஸி ஏ16 5ஜி போல, 6 வருடம் பாதுகாப்பு அப்டேட் தருவதாகச் சொல்லும் போன்கள் இந்த விலை வரிசையிலும் வந்துவிட்டன. ஐரோப்பிய யூனியனில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் 5 வருடம் அப்டேட் தர வேண்டும் என்பது விதி.

சிக்னல்: எந்த சிம், எந்த பேண்ட்?

5ஜி போனா, 4ஜி போனா என்பதை விட முக்கியமான கேள்வி, வேலைத்தளத்தில் எந்த நிறுவனத்தின் டவர் எடுக்கிறது என்பது. வீட்டில் ஃபுல் சிக்னல் காட்டும் சிம், 3 கிலோமீட்டர் தள்ளிக் குளத்துக்குள் இறங்கினால் செத்துப்போகும். அதனால் இரண்டு சிம் போடும் போன் அவசியம். இரண்டும் வேறு வேறு நிறுவனமாக இருக்கட்டும்.

அடுத்தது பேண்ட். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற குறைந்த அதிர்வெண் அலைகள் தூரம் போகும், சுவரையும் மரத்தையும் ஓரளவு தாண்டும். 2300, 3300 மெகாஹெர்ட்ஸ் அலைகள் வேகம் தரும், ஆனால் தூரம் போகாது. மலையடியில் வேலை பார்ப்பவருக்கு முதல் வகைதான் கைகொடுக்கும்.

பிஎஸ்என்எல் விஷயத்தில் இது ரொம்ப முக்கியம். நாடு முழுவதும் சுமார் 97,500 டவர்களோடு பிஎஸ்என்எல்லின் உள்நாட்டு 4ஜி 2025 செப்டம்பர் 27-ல் தொடங்கி வைக்கப்பட்டது. டவரே இல்லாத கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோகும் மத்திய அரசின் திட்டமும் பிஎஸ்என்எல் வழியாகவே நடக்கிறது. இந்த 4ஜி, 700 மெகாஹெர்ட்ஸ் (பேண்ட் 28), 2100 மெகாஹெர்ட்ஸ் (பேண்ட் 1) ஆகியவற்றில் ஓடுகிறது. பழைய போன் சிலவற்றில் பேண்ட் 28 கிடையாது. டவர் பக்கத்திலேயே இருந்தாலும் அந்த போனுக்கு அது தெரியாது. 'பிஎஸ்என்எல் எடுக்கல' என்று சிம்மைத் திட்டும் முன் போனின் பேண்ட் பட்டியலைப் பார்க்க வேண்டும். பெட்டியிலோ கம்பெனி இணையதளத்திலோ அது இருக்கும்.

இன்னொன்று, திரையில் தெரியும் சிக்னல் கோடுகளை அப்படியே நம்ப வேண்டாம். கோடு நாலு இருந்தும் போட்டோ போகாது. கோடு ஒன்று இருந்தும் போகும். வேலைத்தளத்தில் நின்று ஒரு போட்டோவை அனுப்பிப் பார்ப்பதே உண்மையான சோதனை.

ஜிபிஎஸ்: நெட் இல்லாமல் வேலை செய்யுமா?

செய்யும். ஜிபிஎஸ் செயற்கைக்கோளில் இருந்து நேரடியாக வருகிறது. அதற்கு நெட் பேலன்ஸ் தேவையில்லை. ஆனால் நெட் இருந்தால், எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற விவரம் டவர் வழியாக உடனே வந்துவிடும், சில நொடியில் இடம் பிடிபடும். நெட் இல்லாவிட்டால் அந்த விவரத்தைச் செயற்கைக்கோளே மெதுவாக அனுப்பும். அதற்குக் குறைந்தது அரை நிமிடம், சில நேரம் பல நிமிடங்கள் ஆகும். 'லொகேஷன் சுத்திக்கிட்டே இருக்கு' என்று ஆப்பை மூடி மூடித் திறந்தால் மறுபடியும் முதலில் இருந்து தொடங்கும். வெட்டவெளியில் போனை நிமிர்த்திப் பிடித்துப் பொறுமையாக நிற்பதுதான் வழி.

திறந்த வானத்தின் கீழ் சாதாரண போன் சுமார் 5 மீட்டர் துல்லியம் தரும். மரத்தடியிலும் மலைச்சரிவிலும் பிழை கூடும். எல்1, எல்5 என இரண்டு அலைவரிசையைப் பிடிக்கும் போன்கள் இங்கே கொஞ்சம் மேல். மலையடியில் வேலை பார்ப்பவர்கள் விவரப் பட்டியலில் 'எல்5' அல்லது 'நாவிக்' இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். நாவிக் என்பது இஸ்ரோவின் இடமறி அமைப்பு.

வெயிலில் திரை தெரியுமா?

கடைக்குள் பளபள என்று இருக்கும் திரை, மதியம் 2 மணி வெயிலில் கறுப்புக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். பெயரைத் தவறாகத் தொட்டு, வந்தவருக்கு ஆப்சென்ட் போடும் ஆபத்து இங்கேதான்.

திரையின் வெளிச்சத்தை 'நிட்ஸ்' என்ற அளவில் சொல்வார்கள். 500 நிட்ஸுக்குள் இருந்தால் வெளி வேலைக்குக் கஷ்டம். 800-க்கு மேல் இருந்தால் நல்லது. விளம்பரத்தில் வரும் 'பீக்' எண்ணை நம்பாதீர்கள். அது திரையின் ஒரு சின்ன மூலையில் சில நொடிக்கு வரும் வெளிச்சம். வெயிலில் முழுத் திரைக்கும் கிடைக்கும் 'ஹை பிரைட்னஸ்' எண் என்ன என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால், போனை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

மண் வேலை செய்பவர்களின் விரல் ரேகை தேய்ந்திருக்கும். ரேகை லாக் அடிக்கடி ஏமாற்றும். பின் நம்பரையும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பேட்டரியும் சூடும்

இப்போது வரும் போன்களில் 5,000 எம்ஏஎச் பேட்டரி சாதாரணம். ஆனால் சிக்னல் பலவீனமான இடத்தில் போன் டவரைத் தேடித்தேடியே சார்ஜைக் காலி செய்யும். கூடவே ஜிபிஎஸ், கேமரா, முழு வெளிச்சம். வீட்டில் ஒன்றரை நாள் நிற்கும் சார்ஜ் இங்கே மதியத்தோடு முடிந்துவிடலாம். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று பையில் இருக்கட்டும்.

பேட்டரியின் பெரிய எதிரி சூடு. ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரை உள்ள சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். கோடையில் நெல்லைச் சீமை வெயில் இந்த அளவைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். அளவு மீறிச் சூடானால் போன் தானாகவே திரை வெளிச்சத்தைக் குறைக்கும், வேகத்தைக் குறைக்கும், சார்ஜ் ஏறுவதை நிறுத்தும். அது பழுதல்ல, தற்காப்பு. போனை வெயிலில் வைக்காமல், பைக் டேங்க் கவரில் போடாமல், துணிப்பையில் நிழலில் வைத்தாலே பாதிப் பிரச்சனை தீரும். சூடான போனை உடனே சார்ஜில் போடவும் வேண்டாம்.

கேமரா: மெகாபிக்சல் முக்கியமா?

50 மெகாபிக்சல் தேவையே இல்லை. 40 பேர் நிற்கும் குரூப் போட்டோவில் முகம் கலங்காமல் தெரிய வேண்டும், எதிர்வெயிலில் முகம் கறுப்பாகிவிடக் கூடாது. இந்த இரண்டும் போதும்.

இது ஏன் முக்கியம்? என்.எம்.எம்.எஸ். ஆப்பில் சம்பந்தமில்லாத படங்கள், படத்தையே மறுபடி படம் எடுத்து ஏற்றுவது, எண்ணிக்கை ஒத்துப்போகாதது, மதியப் படமே இல்லாதது எனப் பல முறைகேடுகளைப் பட்டியலிட்டு 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகம் மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அதன் பிறகு படங்களைச் சரிபார்க்கும் வேலை கூடியிருக்கிறது. நேர்மையாக வேலை செய்த இடத்தில் படம் மங்கலாக இருந்தால், சந்தேகம் தேவையில்லாமல் இவர்கள் மேல் விழும். லென்ஸில் ஒட்டிய மண்ணைத் துடைத்துவிட்டு, சூரியனுக்கு முதுகு காட்டி நின்று எடுத்தாலே பாதிக் குழப்பம் இருக்காது.

தண்ணி, தூசி: ஐபி எண் என்ன சொல்லுது?

'ஐபி' என்ற எழுத்துக்குப் பின்னால் இரண்டு இலக்கம் இருக்கும். முதலாவது தூசிக்கு, அதிகபட்சம் 6. இரண்டாவது தண்ணீருக்கு. ஐபி54 என்றால் தூசி ஓரளவு தடுக்கப்படும், தண்ணீர் தெறித்தால் பரவாயில்லை. ஐபி67 என்றால் தூசி புகாது, 1 மீட்டர் ஆழ நன்னீரில் 30 நிமிடம் தாங்கும்.

ராதாபுரம் தூசிக்கு முதல் இலக்கத்தையும், சேரன்மகாதேவி வயலுக்கு இரண்டாவது இலக்கத்தையும் பாருங்கள். ஐபி68 போனாக இருந்தாலும் தண்ணீர் புகுந்து கெட்டால் பெரும்பாலான கம்பெனிகள் வாரண்டி தருவதில்லை. ஒருமுறை திரை மாற்றிய போனில் அந்த எண்ணை நம்பவும் முடியாது.

'மிலிட்டரி தரம்' என்று விளம்பரம் வரும். எம்ஐஎல்-எஸ்டிடி-810 என்பது அமெரிக்க ராணுவம் வகுத்த சோதனை முறைகளின் தொகுப்பு. அதில் எந்தச் சோதனையைச் செய்வது என்பதைக் கம்பெனியே தேர்ந்தெடுக்கும். ராணுவம் யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. என்ன சோதனை, எத்தனை அடி உயரத்தில் இருந்து போட்டார்கள் என்று படித்துப் பார்க்க வேண்டும்.

முழு 'ரக்கட்' போன்கள் கனமாக இருக்கும், விலையும் அதிகம். காற்றாலை உச்சியில் ஏறுபவர், குவாரியில் நிற்பவர் ஆகியோருக்கு நிறுவனம் அதை வாங்கித் தருவது நியாயம். கூகுளின் 'ஆண்ட்ராய்டு என்டர்பிரைஸ் ரெக்கமெண்டட்' பட்டியல் 2018 முதல் இருக்கிறது. அலுவலக, களப்பணிக்கு ஏற்ற போன்களை நிறுவனங்கள் அதில் தேடலாம். மற்றவர்களுக்கு ஐபி54 போன், நல்ல ரப்பர் கவர், திரைக்கு டெம்பர்ட் கிளாஸ், மழைக்காலத்தில் ஒரு ஜிப் கவர் போதும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடியை மூழ்கடித்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். கரண்ட் போனது, பல இடங்களில் டவரும் போனது. அந்த மாதிரி நாளில் எந்த போனும் ஆன்லைனில் ஓடாது. அதனால் ஆப்பில் ஆஃப்லைன் வசதி இருக்கிறதா, அதில் சேரும் தகவலை போன் பத்திரமாக வைத்திருக்குமா என்பதும் போன் தேர்வின் ஒரு பகுதிதான்.

ஆஃப்லைனில் எடுத்தது அழியாமல் இருக்க...

பதிவேற்றம் ஆகும் வரை அந்த வருகையும் போட்டோவும் போனுக்குள் மட்டும்தான் இருக்கும். எனவே:

• பதிவேறும் முன் ஆப்பை அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள், 'கிளியர் டேட்டா' கொடுக்காதீர்கள்.
• 'கிளீனர்' ஆப்களை போனில் வைக்காதீர்கள்.
• பேட்டரி சேவர் மோடில் இருந்து இந்த ஆப்புக்கு விலக்கு கொடுங்கள். இல்லாவிட்டால் பின்னணியில் பதிவேற்றம் நின்றுவிடும்.
• தேதி, நேரம் 'ஆட்டோமேட்டிக்'கில் இருக்கட்டும்.
• ஆப்பை ப்ளே ஸ்டோரில் இருந்து மட்டும் இறக்குங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் வரும் ஏபிகே ஃபைலைத் தொடவே வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட் போன் வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் இன்னும் குறைந்தது 2 வருடம் அப்டேட் வரும் மாடலாக இருக்க வேண்டும். ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். அதை மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் போட்டுப் பார்த்தால், அது தொலைந்த போனா, திருட்டு போனா என்று முடக்கப்பட்ட விவரம் தெரிந்துவிடும். இந்த வசதி 2023 மே மாதம் முதல் நாடு முழுவதும் இருக்கிறது. பேட்டரியை எப்படியும் மாற்ற வேண்டியிருக்கும் என்று அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மொத்தமாக வாங்கும் முன் ஒரு நாள் சோதனை

ஊராட்சியோ, ஒப்பந்ததாரரோ, நிறுவனமோ பத்து போன் வாங்கப் போகிறார்கள் என்றால், முதலில் ஒன்றை மட்டும் வாங்கி வேலைத்தளத்தில் ஒரு நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

1. காலையில் ஆப் திறந்து லாகின் ஆக எவ்வளவு நேரம்?
2. நெட்டை ஆஃப் செய்துவிட்டு ஜிபிஎஸ் எத்தனை நிமிடத்தில் இடம் பிடிக்கிறது?
3. நெட் இல்லாமல் எடுத்த பதிவு, சிக்னல் வந்ததும் தானாக ஏறுகிறதா?
4. மதியம் 2 மணி வெயிலில் பெயர்ப் பட்டியலைப் படிக்க முடிகிறதா?
5. 4 மணி நேரம் கழித்து இரண்டாவது போட்டோ எடுக்கும்போது சார்ஜ் எத்தனை சதவீதம்?
6. ஈரக் கையால், மண் ஒட்டிய விரலால் தொட்டால் திரை கேட்கிறதா?
7. பக்கத்து ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா? திரை மாற்ற எவ்வளவு ஆகும்?

இந்த ஏழுக்கும் நல்ல பதில் வந்தால் அதுதான் அந்த இடத்துக்கான போன். விலை 11,000 ஆனாலும் சரி, 18,000 ஆனாலும் சரி.

அப்புறம், காசு யார் கொடுப்பது?

களப்பணியாளர்கள் நீண்ட நாளாகக் கேட்கும் கேள்வி இது. தமிழ்நாட்டில் 2024 நவம்பரில் டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்பு தொடங்கியபோது, கிராம நிர்வாக அலுவலர்கள் அதைச் செய்ய மறுத்தனர். வேளாண் கல்லூரி மாணவர்கள் களத்தில் இறக்கப்பட்டார்கள். போதிய வசதி செய்து தராமல் ஆப்பை மட்டும் கொடுத்தால் வேலை நகராது என்பதை அந்தச் சர்ச்சை காட்டியது.

போன் வேலைக்கருவி என்றால், மண்வெட்டி போல, அளவு நாடா போல அதற்கும் ஒரு கணக்கு வேண்டும். போன் தர முடியாவிட்டால் ரீசார்ஜ், பவர் பேங்க், திரை உடைந்தால் பழுதுச் செலவு ஆகியவற்றையாவது வேலை தருபவர் ஏற்க வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. சொந்த போனில்தான் வேலை என்றால், ஆண்ட்ராய்டின் 'வொர்க் ப்ரொஃபைல்' வசதியில் வேலை ஆப்பைத் தனியாக வைக்கலாம். குடும்பப் படங்களும் தொடர்பு எண்களும் அதற்குள் கலக்காது. இதை நிறுவனம்தான் அமைத்துத் தர வேண்டும்.

பதிவு ஏறவில்லை என்றால் உடனே என்ன செய்யணும்?

எவ்வளவு நல்ல போனாக இருந்தாலும் ஒரு நாள் காலை வாரும். அன்றைக்குச் செய்ய வேண்டியது இதுதான். பிழை காட்டும் திரையை நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வந்தவர்கள் பெயரைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ ரேகையோ வாங்குங்கள். அதே நாளில் ஊராட்சிச் செயலரிடமும் வட்டார வளர்ச்சி அலுவலகத்திலும் எழுத்தில் தெரிவித்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். வருகையைக் கையால் பதிவேற்ற ஆட்சியரிடம் கோரிக்கை போக இந்தத் தாள்தான் ஆதாரம்.

மறுநாள் சொன்னால் 'நேத்தே சொல்லிருக்கலாமே' என்ற பதில் வரும். அன்றைக்கே எழுதிக் கொடுத்தால், வேலை செய்தவர் கூலி கேட்பதற்கு ஒரு பிடி இருக்கும்.